இடியிலும் நியூட்ரல் கட்டிலும் வீட்டுச் சாமான் கருகாமல் இருக்க: எதை முதலில் செய்வது, எவ்வளவு ஆகும்

தென்காசிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைப்பக்கமிருந்து வரும் இடி பழகிப்போன விஷயம். மறுநாள் டிவி மெக்கானிக் சொல்லும் தொகைதான் பழகுவதில்லை. எங்கள் வீட்டில் ஒரே இடியில் செட்டாப் பாக்ஸ், டிவி, மோடம் மூன்றும் போயின. அதன் பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஸ்டெபிலைசர் வை என்றார் ஒருவர். மாடியில் இடிதாங்கி நடு என்றார் இன்னொருவர். எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு வயர்மேனே சொன்னார். இதில் பாதி பயனில்லாதது, கடைசியாகச் சொன்னது ஆளைக் கொல்லக்கூடியது. அலைந்து விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். பலரும் கடையில் பெட்டி வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது மூன்றாவது படி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மெயின் போர்டைத் திறந்து செய்யும் எந்த வேலையும் உரிமம் உள்ள எலக்ட்ரீசியனுடையது. என்ன கேட்க வேண்டும், செய்ததை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.

1. எது எரிக்கிறது என்று முதலில் பிரியுங்கள்

வீட்டின் மேலேயே இடி விழுவது அரிது. சில நூறு மீட்டர் தள்ளி ஒரு தென்னையில் விழுந்தாலே போதும். ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். அது பக்கத்தில் ஓடும் கம்பிகளில் எல்லாம் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றிவிடும். மின்கம்பி, கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர் எதையும் அது விடாது. எல்லாம் மைக்ரோ வினாடிகளில் முடிந்துவிடும். போர்டில் தானாக விழும் சுவிட்சான எம்சிபி விழுவதற்குக்கூட நேரம் இருக்காது.

இரண்டாவது எதிரி நியூட்ரல் கட். மழைக் காற்றில் மரக்கிளை உரசிக் கம்பத்தில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுந்தாலும் சாமான் கருகும், பழி இடியின் மேல் விழும். நம் வீட்டுக்கு ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் வருகிறது. பொது நியூட்ரல் அறுந்தால், இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே இருக்கும் ஏறக்குறைய 400 வோல்ட்டை வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். எந்தப் பக்கம் லோடு குறைவோ அந்தப் பக்கத்துக்குப் பெரிய பங்கு போகும். ஊருக்குப் போய், ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்ட வீட்டில் ஃபிரிட்ஜ் போவதற்கு இது ஒரு காரணம்.

பிரித்தறிவது இப்படி. ஃபேன் பேய் வேகத்தில் சுற்றுகிறதா, ஒரு பல்பு கண்ணைப் பறிக்கப் பக்கத்து வீட்டில் பல்பு மங்குகிறதா, வெளிச்சம் ஏறி ஏறி இறங்குகிறதா? அது நியூட்ரல். யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் போடுங்கள். பளீரென்ற மின்னலோடு ஒரு சத்தம் கேட்டு, கேபிளோடு இணைந்த சாமான்கள் மட்டும் போயிருந்தால் அது இடி.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு ஃபேஸ் வீட்டில் கம்பத்திலிருந்து வரும் நம் நியூட்ரல் மட்டும் அறுந்தால் கரண்ட் நின்றுவிடும், அவ்வளவுதான். மூன்று ஃபேஸ் வீட்டிலோ, நம் போர்டில் நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கின் ஒரு ஸ்குரு தளர்ந்திருந்தாலே வீட்டுக்குள் 400 வோல்ட் விளையாடும். வருடம் ஒருமுறை மெயினை அணைத்து அந்த ஸ்குருக்களை இறுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

2. எர்த் உயிரோடு இருக்கிறதா?

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். சர்ஜ், அதாவது திடீர் வோல்ட்டேஜ் ஏற்றம், தடுக்கும் எந்தக் கருவியும் மின்சாரத்தை விழுங்குவதில்லை, எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. எர்த் இல்லாத வீட்டில் அதை மாட்டுவது, வாய்க்கால் வெட்டாமல் மடையைத் திறந்துவிடுவது போலத்தான்.

எலக்ட்ரீசியன் மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கட்டும். ஃபேஸ் - நியூட்ரல், ஃபேஸ் - எர்த், நியூட்ரல் - எர்த். முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பத்து, இருபது என்று காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு. சரி, மல்டிமீட்டர் நன்றாகக் காட்டினால் போதுமா? போதாது. எர்த் டெஸ்டர் கொண்டு ஓம் அளவு எடுக்க வேண்டும். வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. எர்த் டெஸ்டர் எல்லா எலக்ட்ரீசியனிடமும் இருக்காது, சோலார் போடுபவர்களிடம் பெரும்பாலும் இருக்கும். எங்கள் ஊரில் அளந்து கொடுக்க 500 ரூபாயிலிருந்து 1,000 வரை கேட்கிறார்கள்.

பழைய வீடுகளில் எர்த் பிட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதன் மேல் டைல்ஸ் ஒட்டி, துளசி மாடம் கட்டியிருப்பார்கள். தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், புதிதாகப் போட்டுவிடுங்கள். 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில், சுற்றிலும் கரியும் உப்பும். இது 4,000 முதல் 8,000 ரூபாய்க்குள் முடியும். கெமிக்கல் எர்த்திங் என்று விற்பது இன்னும் கொஞ்சம் கூடுதல். அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு. பாறை நிலமென்றால் ஒரு பிட்டில் 5 ஓம் வராது, இரண்டு போட்டு இணைக்க வேண்டியிருக்கும். குழி தோண்டும் கூலிதான் அங்கே செலவை ஏற்றும்.

ஏமாறும் இடங்கள் இங்கேதான் அதிகம். எட்டடி பைப் என்று சொல்லி மூன்றடி இறக்கி மூடிவிடுவார்கள், மூடும்முன் பக்கத்தில் நின்று பாருங்கள். பிட்டிலிருந்து மெயின் போர்டுக்கு மெல்லிய கம்பி இழுப்பார்கள், 6 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் குறையாமல் கேளுங்கள். மெயின் போர்டு வரை எர்த் வந்து, ரூம் பிளக்குகளுக்குப் போகாமல் இருப்பதும் சகஜம். மூன்றாவது துளை அழகுக்கு இருக்கும்.

அப்புறம் அந்தக் கொலைகார வைத்தியம். பிளக் பாயின்ட்டுக்கு உள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு சின்ன வயரை எர்த் பின்னுக்கு மாட்டிவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் நன்றாக எரியும், நாமும் எர்த் வந்துவிட்டது என்று நம்புவோம். நியூட்ரல் அறுந்த நிமிடத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் உடம்பெல்லாம் ஷாக் அடிக்கும். சந்தேகமிருந்தால் ஒரு பிளக் பாயின்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

3. மெயின் போர்டில் இரண்டு கருவிகள்

இரண்டு எதிரிக்கும் வேறு வேறு கருவி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. எம்சிபி அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும், ஆர்சிசிபி மின்கசிவுக்கும். இரண்டும் வோல்ட்டேஜ் ஏறுவதைக் கண்டுகொள்வதே இல்லை. "போர்டு புதுசு சார், எல்லாம் எம்சிபி" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

முதல் கருவி எஸ்பிடி. கடையில் சர்ஜ் அரெஸ்டர் என்றும் சொல்வார்கள். இடியால் வரும் நொடிப்பொழுது ஏற்றத்துக்கு இது. சாதாரண வீட்டுக்கு டைப் 2 போதும். மாடியில் இடிதாங்கி இருந்தாலோ, திறந்த வெளியில் கடைசிக் கம்பத்தில் இணைப்பு இருந்தாலோ டைப் 1+2 கேளுங்கள். வாங்கும்போது பெட்டியின் மேல் பார்க்க வேண்டியவை:

- 8/20 என்ற சோதனை அலைவடிவத்துக்கு 20 கேஏ (20,000 ஆம்பியர்) நாமினல், 40 கேஏ அதிகபட்சம்.
- தாங்கும் தொடர் வோல்ட்டேஜ் 320. நம் ஊர் கரண்ட்டுக்கு 275 குறைவு, ராத்திரியில் வோல்ட்டேஜ் ஏறும் இடங்களில் சீக்கிரம் தேயும்.
- விட்டுவைக்கும் வோல்ட்டேஜ், அதாவது யுபி, 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழே.
- ஒரு ஃபேஸுக்கு 1+1, மூன்று ஃபேஸுக்கு 3+1 அமைப்பு (ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று).
- பச்சை - சிவப்பு காட்டும் சின்ன ஜன்னல், கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ்.

ஒரு ஃபேஸுக்கு 2,500 முதல் 6,000, மூன்று ஃபேஸுக்கு 6,000 முதல் 12,000 வரை கம்பெனியைப் பொறுத்து இருக்கிறது. இணையத்தில் 600 ரூபாய்க்குக் கிடைப்பதும் உண்டு. அதற்குள் என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, நான் வாங்கமாட்டேன்.

பொருளைவிடப் பொருத்துவதில்தான் காரியம் இருக்கிறது. எஸ்பிடிக்கு வரும் வயரும் அதிலிருந்து எர்த் பாருக்குப் போகும் வயரும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். வயர் நீள நீள, விட்டுவைக்கும் வோல்ட்டேஜ் கூடிக்கொண்டே போகும். அழகாக வளைத்து, சுருட்டி, டை கட்டி வைத்தால் எலக்ட்ரீசியனுக்குப் பெருமை, டிவிக்கு ஆபத்து. ஆர்சிசிபிக்கு முன்னால், மெயின் சுவிட்சுக்கு அடுத்து வர வேண்டும். கம்பெனி தாளில் சொல்லியிருக்கும் அளவு எம்சிபியோ ஃபியூஸோ அதற்கு முன்னால் தேவை.

இரண்டாவது கருவி ஓவர் வோல்ட்டேஜ் - அண்டர் வோல்ட்டேஜ் புரொடெக்டர். இது நியூட்ரல் கட்டுக்கு. சுமார் 270 வோல்ட்டைத் தாண்டினால் வீட்டையே துண்டித்து, நிலைமை சரியானதும் தானே சேர்த்துக்கொள்ளும். டிஜிட்டலில் வோல்ட்டேஜ் தெரியும். 63 ஆம்பியர், ஒரு ஃபேஸ் என்றால் 800 முதல் 2,500 ரூபாய். எஸ்பிடிக்குப் பிறகு வருமாறு போடுங்கள், இதற்குள்ளேயும் எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால் இதையும் இடியிலிருந்து காக்க வேண்டும். திரும்பச் சேரும் நேரத்தை மூன்று நிமிடமாக வைக்கச் சொல்லுங்கள், ஃபிரிட்ஜ், ஏசி கம்ப்ரஸருக்கு நல்லது. ஏசி, ஹீட்டர் எல்லாம் ஓடும் பெரிய வீடென்றால் பெரிய லோடைத் துண்டிக்கும் கான்டாக்டர் சேர்த்துப் போட வேண்டியிருக்கலாம்.

கையில் காசு குறைவாக இருந்து ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால்? இரண்டாவதை வாங்குங்கள். இடிக்கு வயரை உருவலாம். நியூட்ரல் அறுவதற்கு முன் யாரும் சொல்லமாட்டார்கள். பிஎல்டிசி ஃபேன், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் ஏசி என்று வீடு முழுக்க எலக்ட்ரானிக் போர்டாகிவிட்ட பிறகு இதன் தேவை கூடியிருக்கிறது.

இரண்டையும் பொருத்த அரை நாள். போர்டில் இடம் இல்லையென்றால் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று, கூலியோடு 1,500 முதல் 2,500. மீட்டரின் சீலை யாரும் தொடக்கூடாது. மீட்டருக்குப் பிந்தைய பகுதிதான் நம் பொறுப்பு.

4. கேபிள் வழியாக வருவது

போர்டில் எல்லாம் செய்தும் டிவி போகிறது என்று புலம்புபவர்கள் இந்தப் படியைத் தாண்டியிருப்பார்கள். டிவியின் பிளக்கை உருவிவிட்டோம், செட்டாப் பாக்ஸில் கேபிள் வயர் இருக்கிறது. அந்த வயரில் ஏறியது செட்டாப் பாக்ஸைத் தாண்டி, எச்டிஎம்ஐ வழியாக டிவியின் மெயின் போர்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். உருவுவதென்றால் கேபிள் வயரையும் உருவ வேண்டும். டிடிஎச் குடையின் இரும்புச் சட்டத்தை எர்த்தோடு இணைத்து, வயரில் எஃப் கனெக்டர் கொண்ட சர்ஜ் புரொடெக்டர் போடலாம், 300 ரூபாயிலிருந்து இருக்கிறது. அதற்கும் எர்த் வயர் உண்டு, மாட்டாமல் விட்டால் பயனில்லை.

இன்டர்நெட் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ஃபைபர் வீட்டுக்குள் வரை வருமா, கம்பத்தோடு நின்று அங்கிருந்து லேன் வயரா? கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. செம்பு லேன் வயர் மாடி மாடியாகத் தொங்கி வந்தால் ஒவ்வொரு மழைக்கும் ரவுட்டர் போர்ட் ஒன்று போகும். ஃபைபரிலும் இழையைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும். அதை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

சிசிடிவி கேமராவும் அப்படியே. வாசல் கேட்டில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று என்று நீள லேன் வயர் இழுத்தால் ஒரு கேமராவில் அடித்தது ரெக்கார்டரை மொத்தமாகக் கொண்டுபோய்விடும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மெயினை அணைத்தாலும் ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் உயிரோடுதான் இருக்கும்.

5. ஸ்டெபிலைசர், ஸ்பைக் பஸ்டர்

ஸ்டெபிலைசர் மெல்ல ஏறி இறங்கும் வோல்ட்டேஜுக்கு. ஹை கட் ஆஃப் உள்ளது நியூட்ரல் கட்டில் ஓரளவு காக்கும். இடியின் வேகத்துக்கு அதன் ரிலே எழுந்து உட்காரவே நேரம் போதாது.

ஸ்பைக் பஸ்டர் எஸ்பிடிக்குத் துணை, மாற்று அல்ல. 200 ரூபாய்க்கு விற்பது சிவப்பு லைட் வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டு. எவ்வளவு சர்ஜைத் தாங்கும் என்று காட்டும் ஜூல் அளவு போட்டிருப்பதைப் பாருங்கள். உள்ளே சர்ஜைத் தடுக்கும் பாகமான எம்ஓவி ஒவ்வொரு அடிக்கும் தேயும், ஒருநாள் சத்தமில்லாமல் செத்துவிடும். பிறகும் பிளக்கில் கரண்ட் வந்துகொண்டே இருப்பதால் நமக்குத் தெரியாது. 'புரொடெக்டட்' லைட் அணைந்தால் மாற்றிவிடுங்கள்.

6. போர்வெல், சோலார், இடிதாங்கி

பல நூறு அடி ஆழத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார் இடிக்கு மிகச் சுலபமான பாதை. ஸ்டார்ட்டருக்கு முன் லைனை முழுதாகத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் ஒன்று வைத்து, மழைக்காலத்தில் தண்ணீர் ஏற்றியதும் அதை இறக்கிவிடுங்கள். மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஐசோலேட்டர் ஒன்றுமே இல்லை.

மாடியில் சோலார் போடுகிறவர்கள் கொட்டேஷனில் டிசி பக்க எஸ்பிடி, ஏசி பக்க எஸ்பிடி, எர்த் பிட் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். அது மட்டும் இருந்து உள்ளே எஸ்பிடி இல்லாவிட்டால், சாமான்களுக்கு ஆபத்து கூடவும் செய்யலாம்.

7. இடி இடிக்கும் நாளில்

எஸ்பிடி இருந்தாலும் பிளக்கை உருவுவதற்கு நிகரில்லை. சுவிட்சை அணைப்பது உருவுவது ஆகாது. சுவிட்ச் ஃபேஸை மட்டும் துண்டிக்கிறது, நியூட்ரல் அப்படியே இருக்கிறது. சுவிட்சின் இடைவெளியோ சில மில்லிமீட்டர்தான்.

எப்போது உருவுவது என்பதுதான் கேள்வி. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தாமினி செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுவதைக் காட்டும். போன் இல்லாவிட்டால் எண்ணுங்கள். ஒளிக்கும் சத்தத்துக்கும் மூன்று வினாடி இடைவெளி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குக் குறைந்துவிட்டால் இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதன் பிறகு பிளக்கையோ கேபிளையோ தொடாதீர்கள். உருவுவதெல்லாம் அதற்கு முன்பே. மேகம் தலைக்கு மேல் வந்த பிறகு டிவி போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மாட்டுங்கள்.

8. வாடகை வீட்டுக்காரர்களுக்கு

எர்த் பிட் போட வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற பதில் வரும். அப்போது ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் பிளக்கில் மாட்டும் ஓவர் வோல்ட்டேஜ் புரொடெக்டர் வாங்கிக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வேலையைப் பங்குனிக்குள் முடிப்பது நல்லது. புரட்டாசி பிறந்துவிட்டால் எலக்ட்ரீசியன் கிடைப்பதே கஷ்டம்.

9. கருகிய பிறகு: காகிதங்கள்

வீட்டுக் காப்பீடு இருக்கிறது, மின்னல் அதில் சேர்ந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் மின்னல் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விலக்குகள் பகுதியில், ஷார்ட் சர்க்யூட், அதிக அழுத்தம், மின்கசிவு போன்றவற்றால் ஒரு மின்சாதனமே பழுதானால் அந்தச் சாதனத்துக்குத் தரமாட்டோம் என்று இருக்கும். காரணம் மின்னலாக இருந்தாலும் அப்படித்தான். அதிலிருந்து தீப்பற்றி மற்றவை எரிந்தால் அது வேறு. டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வேண்டுமென்றால் எலக்ட்ரானிக் சாதனங்களுக்கான கூடுதல் கவர் எடுக்க வேண்டும். வாங்கும்முன் "வோல்ட்டேஜ் ஏற்றத்தால் போர்டு போனால் தருவீர்களா" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி அட்டையிலும் மின்னலும் வோல்ட்டேஜும் பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

கோருவதற்குத் தேவை: வாங்கிய பில், சீரியல் எண் தெரியும் படம், கருகிய போர்டின் படம், எதனால் பழுது என்று எழுதிய சர்வீஸ் சென்டர் அறிக்கை, பழுதுபார்க்கும் மதிப்பீடு. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்க்கும் வரை பழைய போர்டை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள். பில்லின் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

நியூட்ரல் கட் என்றால் பாதை வேறு. மின்னகத்தில் கொடுத்த புகார் எண், தெருவில் பாதிக்கப்பட்ட மற்ற வீட்டாரின் கையெழுத்து, சாமான் பட்டியல் ஆகியவற்றோடு மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். லைன்மேன் வந்து கம்பத்தில் சரிசெய்யும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டால் பின்னால் உதவும். பதில் இல்லையென்றால் மின் பகிர்மான வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம்.